சுங்கை சிப்புட் கொட்டகையில் பழைய பெயிண்ட்பால் துப்பாக்கிகள்: முப்பது வெள்ளிக்கு இரண்டு மணி நேரம்

கொட்டகை இருப்பது மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி காட்டுகிற வழியில் போனால் செம்பனைக் காட்டுக்குள் லாரித் தடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், நான் மாட்டிக்கொண்டேன், காரைத் திருப்பி வெளியே வர அரை மணி நேரம் ஆனது. டவுனிலிருந்து தோட்டப் பக்கம் திரும்பி, அம்மன் கோயிலைத் தாண்டி, பழைய லயத்து வீடுகள் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கும். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. கோயில் பக்கத்து ஒட்டுக்கடையில் ‘பெயிண்ட் அண்ணன் கொட்டகை’ என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அண்ணன் என்கிறார்களே தவிர ஆளுக்கு அறுபது தாண்டிவிட்டது.

சனி ஞாயிறுகளில் பக்கத்துத் திடலில் பெயிண்ட்பால் ஆட்டம், அதாவது பெயிண்ட் குண்டால் ஒருவரை ஒருவர் சுட்டு ஆடுகிற ஆட்டம், நடத்துவதுதான் அவர் தொழில். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. வாடகை முகமூடியில் கீறல், புல் முழங்கால் உயரம், மற்றபடி எல்லா இடத்திலும் இருப்பது மாதிரிதான். நான் போனது உள்ளே இருக்கிற கண்ணாடி அலமாரிக்காக. முப்பது வருடமாகச் சேர்த்த பழைய பெயிண்ட்பால் துப்பாக்கிகள் அதில் இருக்கின்றன. ஆளுக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் இரண்டு மணி நேரம் அவற்றை வெளியே எடுத்து, மேசையில் பழைய கைலியை விரித்து, கழற்றிக் காட்டி, நம் கையிலும் கொடுக்கிறார். நாலு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார், முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். குண்டைத் தள்ளுகிற கேஸ் போட மாட்டார், சுட்டுக் காட்டவும் மாட்டார். ‘சுடணும்னா திடலுக்குப் போ, ஐம்பது வெள்ளி’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முதலில் எடுத்தது நெல்ஸ்பாட் 007. இதற்காகத்தான் ஈப்போவிலிருந்து போனேன். பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை, கனமான ஒரு கைத்துப்பாக்கி, அவ்வளவுதான். இது விளையாட்டுக்காகப் பிறந்த சாமானே இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து நெல்சன் பெயிண்ட் கம்பெனி, காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்குத் தூரத்தில் இருந்தே அடையாளம் போட ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தது. 1960களில் க்ரோஸ்மன் கம்பெனி அவர்களுக்காக 707 என்று ஒன்று செய்தது, அது சந்தையில் ஓடவில்லை. அப்புறம் 1970களின் தொடக்கத்தில் காற்றுத் துப்பாக்கி செய்கிற டெய்சி கம்பெனி செய்து கொடுத்ததுதான் இந்த 007. மாட்டுக்கு அடையாளம் போடவும் இதை வாங்கினார்கள். குண்டு என்பது மருந்து மாத்திரை மாதிரி ஜெலட்டின் கூட்டுக்குள் அடைத்த பெயிண்ட், அதைச் செய்ததும் மருந்துக்கு ஜெலட்டின் கூடு செய்கிற ஷெரர் கம்பெனிதான். விட்டம் 0.68 அங்குலம், நம் கணக்கில் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இன்றைக்கும் பெரும்பாலான திடல்களில் அதே அளவுதான்.

அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தில் மறுநடவுக்கு முன்னால், நோய் பிடித்த பால்மரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் பூசுகிற வேலை அவருக்கு. ஒரு கையில் டின், இன்னொரு கையில் தேய்ந்துபோன பிரஷ், காலில் அட்டை. சாயந்தரம் டர்பன்டைன் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார், சோற்றில்கூட அந்த வாசனை அடிக்கும். ஆரம்ப காலத்துப் பெயிண்ட்பாலிலும் எண்ணெய்ப் பெயிண்ட்தான், ஆடி முடித்தவர்களும் டர்பன்டைன் தேடித்தான் போயிருக்கிறார்கள். அப்பா செய்த வேலைக்கான சாமான் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, நான் முப்பது வெள்ளி கட்டி அதைப் பார்க்கிறேன். அப்பாவிடம் சொன்னால் என்னைத்தான் திட்டுவார்.

இது விளையாட்டான கதையை அண்ணன் நன்றாகச் சொல்கிறார். சார்ல்ஸ் கெயின்ஸ் என்ற எழுத்தாளருக்கும் ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகருக்கும் ஒரு வாக்குவாதம்: காட்டில் விட்டால் பிழைப்பது நகரத்துக்காரனா, நாட்டுப்புறத்தானா? இந்தத் துப்பாக்கியை விவசாயச் சாமான் பட்டியல் ஒன்றில் பார்த்த நண்பர் அவர்களிடம் காட்டினார். பாப் கர்ன்சி என்பவரும் சேர்ந்துகொள்ள, 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட். ஒரு குண்டுகூடச் சுடாமல், யார் கண்ணிலும் படாமல் காட்டில் வைத்திருந்த கொடிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? வனத்துறை வேலை. ‘மரத்தைத் தெரிஞ்சவன் ஜெயிச்சான் தம்பி’ என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒரு வாய் கொப்பி குடித்தார்.

சரி, சேகரிப்பவர்களுக்கு உண்மையில் உபயோகமான பகுதி அடுத்து வருவது. சில வருடங்களுக்கு முன்னால் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 007-இன் உடல் பகுதியை மட்டும் நானூறு வெள்ளிக்கு வாங்கினேன். வால்வு இல்லை, குழல் இல்லை, சுடாது. ‘ஒரிஜினல், கை படாதது’ என்று சத்தியம் செய்தார். அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, நிறத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பார்த்தார். எழுத்து பதிந்த பள்ளத்தின் ஓரம் மழுங்கி இருந்தது, அதாவது யாரோ தேய்த்து மெருகேற்றி மறுபடி கறுப்படித்திருக்கிறார்கள். திருகாணித் தலையில் தேய்மானம், ஆனால் அதைச் சுற்றி உள்ள கறுப்பில் ஒரு கீறலும் இல்லை. பழைய திருகாணி, புதுப் பூச்சு. கீழே ஒரு துளையை அடைத்த தடம் வேறு. ஐந்து நிமிடத்தில் என் நானூறு வெள்ளி நூறாகிவிட்டது.

அந்தத் துளைக்கும் அவர் காரணம் சொன்னார். அந்தக் காலத்தில் ஆடியவர்கள் யாரும் இதைப் பொக்கிஷமாக நினைக்கவில்லை. ஒரு தடவை சுட்டால் கையால் இழுத்து மறுபடி சுட வேண்டும், 12 கிராம் கேஸ் குப்பி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே கிடைத்தவன் எல்லாம் துளை போட்டு பம்ப் மாட்டினான், பெரிய சிலிண்டர் மாட்டினான், குழலை மாற்றினான். அதனால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற ஒன்றுதான் அரிது. துருவும் கீறலும் இருந்தாலும் அதுதான் மதிப்பு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்பதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து ஷெரிடன் பிஜிபி. பித்தளை உடம்பு, துப்பாக்கியைச் சாய்த்துக் குண்டை உருளவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஸ்ப்ளாட்மாஸ்டர் என்ற துப்பாக்கி பிளாஸ்டிக்கில் செய்தது, பசார் மாலாம் (இரவுச் சந்தை) பொம்மை மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டிப்மன் எஸ்எம்ஜி-60 வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். டிப்மன் குடும்பத்தார் முன்பு நிஜ இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில் செய்து விற்றவர்கள். 1986-இல் புதிதாகச் செய்யும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்க அமெரிக்காவில் தடை வந்ததும் பெயிண்ட்பால் பக்கம் வந்தார்கள். அதனால்தான் இது பார்க்கவும் இயந்திரத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறது, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். ஐந்து ஐந்தாகக் குண்டு கோத்த பட்டையை உள்ளே தள்ள வேண்டும், அந்தக் குண்டும் 0.62 அங்குலம், இப்போது தேடினாலும் லேசில் கிடைக்காது. அந்தப் பட்டைகளையே தனியாகச் சேகரிக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு மைலோ டின்னைத் திறந்து பதினொன்றை எண்ணிக் காட்டினார்.

குறைகளும் இருக்கின்றன. அலமாரியில் விவரச் சீட்டு அரைவாசிக்கு இல்லை, இருப்பதும் கையெழுத்து புரியவில்லை. உட்கார மூன்று நாற்காலிதான், நாலாவது ஆளுக்குக் கேஸ் தோம்பு. கழிவறைக்குக் கோயிலுக்குத்தான் நடக்க வேண்டும். மதியம் போனால் தகரக் கூரைக்குக் கீழே வெந்துவிடுவீர்கள், துப்பாக்கிக்கும் அதே கதிதான். கேஸ் ஏன் போடுவதில்லை என்று கேட்டதற்கு வெயிலைத்தான் காரணம் சொன்னார்: அந்தக் கரியமில வாயு 21 பாகை செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ அழுத்தம் தரும், நம் ஊர் மதியத்தில் ஆயிரத்தைத் தாண்டும், நாற்பது வருட ஓ-ரிங், அதாவது கேஸ் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், தாங்காது. நியாயம்தான். பழைய குண்டுகளை ஒரு ஜாடியில் வைத்திருக்கிறார், ஈரக் காற்றில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, அரிசி மூட்டைக்குள்ளாவது வைத்திருக்கலாம்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இது பொம்மை இல்லை, 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, போலீசில் கேட்காமல் வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்காதீர்கள். அண்ணன் தன் அனுமதிக் கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு, கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டுகிறார். ஊரும் அப்படிப்பட்ட ஊர். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும்தான் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. ஒட்டுக்கடையில் வழி கேட்டபோது ‘துப்பாக்கி’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘பெயிண்ட்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ஒன்று கழிவறைக்காகக் குறைத்தது. காலை ஒன்பது மணிக்குப் போங்கள், உங்களிடம் உள்ள பழைய பாகம் எதுவானாலும் கொண்டுபோங்கள், பார்த்துச் சொல்லத் தனிக் காசு கேட்க மாட்டார், மனம் நோகும்படி உண்மையைத்தான் சொல்வார். க்ரோஸ்மன் 707 மட்டும் அவரிடம் இல்லை. அலமாரியின் மேல் தட்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார், இப்போதைக்கு அங்கே அவருடைய மூக்குக்கண்ணாடி டப்பா இருக்கிறது.