பழைய டிஎஸ், புதிய வைஃபை: எந்த வழி தேவலை?

2004-இல் வந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, 2006-இல் வந்த டிஎஸ் லைட் இரண்டுக்கும் தெரிந்த வைஃபை பாதுகாப்பு, டபிள்யூஇபி என்ற பழைய முறை ஒன்றுதான். வீட்டு ரவுட்டரோ டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதிய முறைகளில் ஓடுகிறது. பாஸ்வேர்டை எத்தனை தடவை அடித்தாலும் இரண்டும் சேரப்போவதில்லை. கருவியை மாற்ற வழியில்லை என்பதால், விட்டுக்கொடுக்க வேண்டியது நெட்வொர்க்தான். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

முதல் வழி, ரவுட்டரையே டபிள்யூஇபி-க்கு இறக்குவது. ஒரு விளையாட்டுக் கருவிக்காக வீட்டின் முன்கதவைக் கழற்றி வைக்கும் வேலை இது. 104 பிட் டபிள்யூஇபி சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கலாம் என்று 2007-லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதோடு வைஃபையின் வேகமான வகையான 802.11என்-இன் வேகம் டபிள்யூஇபி-யுடன் சேர்ந்து வராது. வீட்டிலுள்ள மற்ற கருவிகளும் அதே இணைப்பில் 54 எம்பிபிஎஸ்-க்குள் முடங்கும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் இந்தத் தேர்வே இல்லை. இல்லாதது நல்லதுதான்.

பாஸ்வேர்டே இல்லாத இணைப்பிலும் டிஎஸ் சேரும் என்பதால், பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வடிகட்டியைப் போடலாம் என்பார்கள். மேக் முகவரி ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் வெளிப்படையாகவே பறக்கிறது. பார்த்து நகலெடுக்கப் பெரிய திறமை வேண்டாம். தெரியாத்தனமாக இணைபவரைத் தடுக்கும், வேண்டுமென்றே வருபவரைத் தடுக்காது.

ரவுட்டரில் விருந்தினருக்கெனத் தனியாகத் திறக்கும் விருந்தினர் நெட்வொர்க் இதைவிடத் தேவலை. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தாலும், தனிமைப்படுத்தும் வசதி இயங்கினால் உங்கள் கணினியும் பிரிண்டரும் வெளியாள் கண்ணில் படாது. ஆனால் உங்கள் இணைப்பில் எவரும் எதையும் செய்யலாம். விசாரணை என்று வந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வரும். விளையாடும் நேரம் போக மற்ற நேரம் அணைத்து வையுங்கள்.

பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, அதில் மட்டும் டபிள்யூஇபி போட்டுப் புது ரவுட்டரின் பின்னால் செருகுவது பலருக்குப் பிடித்த யோசனை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ரவுட்டர் தனி நெட்வொர்க் உண்டாக்குவதால் வீடு பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்தத் தடுப்பு ஒருதிசைத் தடுப்பு. வெளியிலிருந்து பழைய ரவுட்டருக்குள் நுழைவதுதான் கடினம். பழைய ரவுட்டருக்குள் வந்துவிட்டவர் புது ரவுட்டரில் உள்ள கருவிகளைச் சாதாரணமாகவே எட்டலாம். பலவீனமான கதவை உட்பக்கம் வைத்துவிட்டோம் என்று அர்த்தம். புது ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க்குக்கென ஒரு கம்பி போர்ட்டை ஒதுக்க முடிந்தால் அதில் செருகலாம். முடியாவிட்டால் ஆட்டம் முடிந்ததும் பவரைப் பிடுங்கிவிட வேண்டும்.

என் தேர்வு மொபைல் ஹாட்ஸ்பாட். ஆண்ட்ராய்டு போனில் பாதுகாப்பு 'இல்லை' என்று வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்து, வீட்டு வைஃபையைத் துண்டித்து மொபைல் டேட்டாவில் ஓட்டினால், வீட்டு நெட்வொர்க் இந்தக் கதையிலேயே இல்லை. இணையும் கருவிகளின் எண்ணிக்கையை ஒன்றாக வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. குறை ஒன்று உண்டு. டிஎஸ் பேசுவது 1, 2 எம்பிபிஎஸ் வேகங்களில் மட்டுமே. அந்தப் பழைய வேகங்களைக் கைவிட்ட போனில் இணையாது. ரவுட்டரிலும் இதே சிக்கல் வரும், '802.11என் மட்டும்' என்ற நிலையில் இருந்தால் பழைய வகையான 802.11பி-யையும் சேர்க்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

அடுத்த தலைமுறைக் கருவியை வாங்கிவிடலாமே என்றால், பாதித் தீர்வுதான். டிஎஸ்ஐ-யில் மேம்பட்ட அமைப்பின் கீழ் டபிள்யூபிஏ2 உண்டு. ஆனால் அதில் பழைய டிஎஸ் கேட்ரிட்ஜைப் போட்டால் மறுபடியும் டபிள்யூஇபி-தான். 3டிஎஸ்-இலும் அதே நிலை. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. அது டபிள்யூபிஏ2-க்கு முந்தைய டபிள்யூபிஏ அறியும், ரவுட்டரை டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு நிலையில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

ரவுட்டரில் கை வைப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்: நின்டெண்டோ தன் வைஃபை சேவையை 2014 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டது. இன்று ஆன்லைனில் ஆடுவதென்றால் ரசிகர்கள் நடத்தும் வீம்ஃபி போன்ற சர்வர்கள்தான். இணைப்பு அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை (எந்த சர்வரைத் தேடுவது என்று கருவிக்கு வழிகாட்டும் முகவரி) மாற்றினால் பல ஆட்டங்கள் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஆட மட்டும் என்றால் ரவுட்டரே தேவையில்லை, இரண்டு டிஎஸ்களும் நேரடியாகவே பேசிக்கொள்ளும்.