மூன்று வருடமாக டிக்கென்ஸ், பைசா செலவில்லாமல்

டிக்கென்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் இறக்கிக்கொண்டுதான் தொடங்கினேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். இரண்டாவது அத்தியாயத்தில் 'ஹல்க்ஸ்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றேன். கைதிகளை அடைத்துவைக்கும் கப்பல்கள் என்று எங்கெங்கோ தேடிக் கண்டுபிடித்துத் திரும்பினால், கொஞ்சம் தள்ளி கதைநாயகன் பிப்பே தன் அக்காவிடம் அதைத்தான் கேட்கிறான்! அன்றிலிருந்து, புரியாவிட்டாலும் ஒரு பக்கம் தாண்டிப் படித்த பிறகே தேடுவது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது டிக்கென்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன் என்ற தளம். அவர் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்', 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழ்களை அப்படியே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 'ஆல் தி இயர் ரவுண்ட்' 1860 டிசம்பர் 1 இதழைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பிப் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறான். பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசை, பொடி எழுத்து, ஒரு படம்கூட இல்லை. பின்னால் சார்லஸ் லீவரின் தொடர்கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அது வாசகர்களுக்குப் பிடிக்காமல் விற்பனை சரிந்ததால்தான் டிக்கென்ஸ் தன் கதையை அவசரமாக வாரத் தொடராக்கினார். அது தெரிந்ததும் நானும் வாரத்துக்கு ஒரு இதழ் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 36 வாரம். நடுவில் இரண்டு முறை ஏமாற்றி அடுத்த இதழைத் திறந்துவிட்டேன், சரி, அது வேறு கதை.

ஒலிநூல் எனக்கு ஒத்துவரவில்லை. நான் கேட்டதில் அத்தியாயத்துக்கு ஒரு குரல்; பிப்பின் அக்கா கணவர் ஜோ ஒரே வாரத்தில் மூன்று ஆளாகிவிட்டார்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கிளிக் என்ற கருவி வேறு ரகம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வரிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். பாத்திரங்களின் பேச்சில் மட்டும் தேடு என்றும் சொல்லலாம். ஆள்காட்டி விரலுக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். வக்கீல் ஜாகர்ஸ் வரிசையாக வந்து விரலைக் கடித்துக்கொண்டு நின்றார். படிக்கும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. பழக ஒரு வாரம் ஆகும், போனில் பார்க்காதீர்கள்.

கடைசி இதழ் 1861 ஆகஸ்ட் 3. முடித்துவிட்டு, சும்மா குட்டன்பெர்க் பிரதியையும் பக்கத்தில் திறந்தேன். கடைசி வாக்கியம் ஒத்துப்போகவில்லை. பத்திரிகையில், தான் காதலிக்கும் எஸ்டெல்லாவைப் பிரிவதன் நிழலே தெரியவில்லை என்கிறான் பிப். பின்னால் டிக்கென்ஸ் திருத்திய பதிப்பில், 'இன்னொரு' பிரிவின் நிழல் தெரியவில்லை என்கிறான்.