மிக் வெல்டிங்: கேஸா, ஃபிளக்ஸ் கம்பியா?

மிக் வெல்டிங்கில் மிஷின் தள்ளும் கம்பி உருகி இரும்பை ஒட்டும். உருகும் இடத்தில் காற்று படாமல் காக்க சிலிண்டர் கேஸ் வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஃபிளக்ஸ் என்ற காப்புப் பொடி அடைத்த கம்பி வேண்டும். பட்டறைக்குள் வேலை என்றால் கேஸ்தான். நிமிடத்துக்கு 10–15 லிட்டர் போதும். வெல்டிங் தையல் சுத்தமாக விழும், மேலே படியும் கசடைத் தட்டும் வேலை இல்லை. சிலிண்டரைச் சங்கிலியால் கட்டியே ஆக வேண்டும்.

வெட்டவெளியில் கேட் ஒட்டினால் கேஸ் காற்றோடு போய்விடும், வெல்டில் பொத்தல் பொத்தலாக வரும். அங்கே கேஸ் தேவைப்படாத ஃபிளக்ஸ் கம்பிதான் கைகொடுக்கும். புகைதான் தொல்லை, முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது மின்முனையை (பாசிட்டிவ், நெகட்டிவ்) மாற்றுவதில்தான். கேஸுக்கு, கையில் பிடிக்கும் டார்ச் பாசிட்டிவ். இந்த ஃபிளக்ஸ் கம்பிக்குப் பெரும்பாலும் நெகட்டிவ். கம்பிச் சுருளின் அட்டையிலேயே போட்டிருக்கும். மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு மாற்றுங்கள். கம்பியைத் தள்ளும் ரோலரையும் பாருங்கள்: ஃபிளக்ஸ் கம்பி உள்ளே குழாய் மாதிரி, அழுத்தி இறுக்கினால் நசுங்கிவிடும். அதற்குச் சொரசொரப்பான ரோலரே சரி.

வீட்டு வேலைக்கு ஒன்றே போதும் என்பவருக்கு என் ஓட்டு ஃபிளக்ஸ் கம்பிக்கு.