பட்டியலா, செய்தியா, துப்பறியும் தொடரா?

குற்றம் சார்ந்த ஆங்கிலம் கற்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சொற்பட்டியல், நீதிமன்றச் செய்திகள், துப்பறியும் தொடர்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துத்தான் பலரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

பட்டியலின் பலம் வேகம். சொற்களை அட்டையில் எழுதி, நாள் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் புரட்டினால் மறக்காது. ஆனால் தெஃப்ட், ராபரி, பர்க்ளரி மூன்றுக்கும் எதிரே ‘திருட்டு, கொள்ளை’ என்று போட்டிருக்கும். ஆளை அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் ராபரி. கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்து திருடினால் பர்க்ளரி. வாக்கியத்தில் வைக்கும்போது இன்னொரு சிக்கல். ‘ஸ்டீல்’ என்ற வினைக்குப் பின்னால் களவுபோன பொருள் வரும். ‘ராப்’ என்றால் பறிகொடுத்த ஆளோ வங்கியோ வரும். ‘தே ராப்ட் மை பர்ஸ்’ என்று எழுதுகிறவர் பட்டியலை ஒழுங்காகப் படித்தவராகத்தான் இருப்பார்.

இந்த இடத்தில் செய்தி ஜெயிக்கிறது. ஒரே வழக்கைத் தொடர்ந்து படித்தால் போதும். முதலில் சஸ்பெக்ட், வழக்கு பதிவானதும் அக்யூஸ்ட், குற்றம் உறுதியானதும் கன்விக்ட் என்று ஒரே ஆளின் பெயர் மாறுவதைப் பார்க்கலாம். ‘சார்ஜ்ட்’ என்றால் ‘வித்’, ‘கன்விக்டட்’ என்றால் ‘ஆஃப்’, ‘சென்டன்ஸ்ட்’ என்றால் ‘டு’. இலக்கணப் பயிற்சியில் கொட்டாவி வரவழைக்கும் இந்த ஜோடிகள், கதையோடு வரும்போது தானாக ஒட்டிக்கொள்ளும். எந்த நாட்டுச் செய்தி என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஃபெலனி (பெருங்குற்றம்), மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்ற பிரிவினை அமெரிக்காவில் இன்றும் உண்டு. இங்கிலாந்து அதை 1967-லேயே கைவிட்டுவிட்டது. அப்புறம், தலைப்புகளில் விசாரணைக்கு ‘ப்ரோப்’ என்று போடுவார்கள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வது அபூர்வம்.

மரபுத்தொடர் என்று வந்தால் செய்தியில் அவ்வளவு சரக்கு இல்லை. துப்பறியும் தொடர்கள்தான் கைகொடுக்கும். ‘கம் க்ளீன்’ என்று அதட்டும் போலீஸ்காரரின் குரலைக் கேட்டவருக்கு, ‘உண்மையை ஒப்புக்கொள்’ என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. குற்றவாளியைக் கொச்சையாக ‘பெர்ப்’ என்று தேர்வுக் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் குறையும்.

இன்னொரு விஷயம், குற்றச் சொல் இருக்கும் மரபுத்தொடர்கள் பலவற்றுக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘கெட் அவே வித் மர்டர்’ என்றால், என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்பதுதான். கொலை எதுவும் நடக்கவில்லை. ‘இட்ஸ் எ ஸ்டீல்’ என்றால் அடிமாட்டு விலை, ‘டேலைட் ராபரி’ என்றால் அநியாய விலை! குழம்பத் தேவையில்லை. ‘கொள்ளை மலிவு’ என்றும் ‘பகல் கொள்ளை’ என்றும் நாமே சொல்கிறோமே.

இப்படித் தமிழ் ஜோடி கிடைத்தால் மனப்பாடமே வேண்டாம். ‘காட் ரெட்-ஹேண்டட்’ நமக்குக் கையும் களவுமாகப் பிடிபடுவது. ‘பிஹைண்ட் பார்ஸ்’ என்றால் கம்பி எண்ணுவது. ‘ஸ்காட் ஃப்ரீ’க்கு மட்டும் அப்படி ஜோடி அகப்படாது. அதில் வரும் ஸ்காட், ஸ்காட்லாந்துக்காரர் அல்ல, வரி என்று பொருள்படும் பழைய சொல். வரி கட்டாமல் தப்பியவர் பிறகு தண்டனையிலிருந்து தப்பியவர் ஆகிவிட்டார்.

என்னைக் கேட்டால், வேலைக்கோ தேர்வுக்கோ எழுத வேண்டியவருக்குச் செய்தி, பேச்சு புரிந்தால் போதும் என்பவருக்குத் தொடர். பட்டியல் இரண்டுக்கும் பிறகு வரட்டும், அதுவும் நீங்களே எழுதியதாக. சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருள் வேண்டாம், அதைச் சந்தித்த வாக்கியத்தை எழுதி வையுங்கள்.