நியூயார்க் யுனிவர்சிட்டி: கேட் எங்கப்பா இருக்கு?

மகள் பன்னிரண்டாவதுக்குப் போகிறாள், அதனால் எங்கள் வீட்டில் இப்போது பெண் பார்க்கும் படலம் மாதிரி காலேஜ் பார்க்கும் படலம். போன மாதம் என்.ஒய்.யூ.வுக்குப் போனோம். நியூ ஜெர்சியிலிருந்து பாத் ரயிலில் ஒன்பதாவது தெருவில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வாஷிங்டன் ஸ்கொயர் பார்க். பளிங்கு வளைவு, செஸ் ஆடுகிறவர்கள், புறாக்கள், கஞ்சா வாசனை. "கேட் எங்கப்பா இருக்கு?" என்றாள். கேட்டும் கிடையாது, மதிலும் கிடையாது. ஊதாக் கொடி தொங்குகிற கட்டடமெல்லாம் அவர்களுடையது, நடுநடுவே பீட்சா கடை, வங்கி, யாரோ குடியிருக்கிற வீடு எல்லாம் உண்டு. பிராங்ஸில் புல்வெளியோடு நிஜமான ஒரு கேம்பஸ் இருந்ததாம், பணமுடையில் 1973இல் விற்றுவிட்டார்கள்.

அதே ஆண்டு இங்கே திறந்ததுதான் பாப்ஸ்ட் நூலகம். ஐடி கார்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், வாசல் பக்கம் நின்று அண்ணாந்து பார்க்கலாம். பன்னிரண்டு மாடியும் சுற்றி நிற்க நடுவில் வெறும் வெளி, கீழே தரையில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகக் கண்ணை ஏமாற்றுகிற கல் பதிப்பு. மாடி விளிம்பையெல்லாம் துளையிட்ட அலுமினியத் திரை மூடியிருக்கிறது. அழகுக்கு என்று நினைத்தேன். மாணவர்களைப் பறிகொடுத்த பிறகு 2012இல் போட்ட பாதுகாப்பு அது. ஒரு மாணவர் வாடகைக்கு வழியில்லாமல் இந்த நூலகத்தின் அடித்தளத்திலேயே மாதக்கணக்கில் தூங்கியிருக்கிறார், 2004இல் விஷயம் வெளியே வந்ததும் பல்கலைக்கழகமே அறை கொடுத்தது.

பணத்தைப் பேசிவிடலாம். இளநிலைப் படிப்புக்கு டியூஷன் (படிப்புக் கட்டணத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல். குடும்ப வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழே இருந்தால், சொத்துக் கணக்கையும் பார்த்துவிட்டு, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டியூஷன் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள், நல்ல விஷயம். மருத்துவப் படிப்புக்கு 2018இலிருந்தே யாருக்கும் டியூஷன் கிடையாது. கோடீஸ்வரனுக்குக் கவலையில்லை, இல்லாதவருக்கு உதவி உண்டு, நடுவில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. கணக்குக்குக் கூரண்ட் இன்ஸ்டிட்யூட், சினிமாவுக்கு டிஷ், பிசினஸுக்கு ஸ்டெர்ன். கூரண்ட் வாசலில் நான்தான் மகளைவிடப் பரவசப்பட்டேன். நம் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த கணித மேதை வரதன் 1963இல் இங்கே வந்தவர், 2007இல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு வாங்கினார். புரூக்ளினில் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜுக்கும் பாதி நம்மூர்ப் பெயர்தான்: 2015இல் 10 கோடி டாலர் கொடுத்த சந்திரிகா டாண்டன் சென்னைக்காரர், இந்திரா நூயியின் அக்கா. மகள் "ம்" என்றாள், அவ்வளவுதான்.

அவளை நிறுத்தியது வேறு ஒரு கட்டடம். கிரீன் தெரு மூலையில் இருக்கிற பிரவுன் பில்டிங், இப்போது அறிவியல் ஆய்வகங்கள். 1911இல் அதன் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனி இருந்தது. தீ பிடித்தபோது ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது, 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குடியேறி வந்த இளம்பெண்கள். 2023இல் வைத்த எஃகு நாடா ஒன்று கட்டடத்தின் மேலிருந்து இறங்கிவருகிறது, அதில் அவர்கள் பெயர்கள். நின்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சுற்றிக்காட்டுகிற டூரில் வெளிநாட்டுக் கேம்பஸ்களைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். ஷாங்காயில் 2013 முதல், அபுதாபியில் 2010 முதல், அங்கேயே சேர்ந்து அங்கேயே பட்டம் வாங்கலாம். அதைத் தவிர லண்டன், ஃபுளோரன்ஸ், அக்ரா, சிட்னி என்று ஒரு செமஸ்டர் போய்வர ஊர்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அபுதாபிக் கேம்பஸ் கட்டிய தொழிலாளர்களுக்கென்று எழுதிவைத்த விதிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று 2015 விசாரணை அறிக்கை சொன்னது. ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போனவர்கள் நம் எல்லார் உறவிலும் உண்டு. அந்த கேம்பஸின் பளபளப்பான போட்டோக்களை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. எதில் இறங்கப்போகிறோம் என்று தெளிவாக இருக்கிற பிள்ளைக்கு இந்த ஊரே லேப். புல்தரையில் உட்கார்ந்து நாலு வருஷம் யோசிக்கலாம் என்கிற பிள்ளைக்கு வேறு இடம் பாருங்கள்.

மறந்துவிட்டேன், பார்க்கின் தெற்குப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தோசை வண்டி இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. முழுக்க வீகன், நெய் கிடைக்காது. வரிசையில் எங்கள் முன்னால் இரண்டு மாணவிகள் பரீட்சையைத் திட்டிக்கொண்டே சாம்பாரை வாங்கிக் குடித்தார்கள். "இங்கேயே சேரட்டுமாப்பா?" என்றாள் மகள். முதலில் சாப்பிடு என்றேன்.