சி.ஆர்.1009 சப்-1 விதைநெல்: இரண்டு சம்பா போட்டுப் பார்த்த பிறகு

திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்காலின் கடைமடையில் எங்களுக்கு மூன்று ஏக்கர். முதல் சம்பாவுக்கு இந்த விதையை வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கினோம். மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருந்தது. முளைப்பு நன்றாக இருந்தது, நாற்றங்காலில் சொட்டை விழவில்லை.

ஐப்பசிக் கடைசியில் வடிகால் அடைத்துக்கொண்டு, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு சேறு படிந்த தாளைப் பார்த்துவிட்டு அத்தை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நாளில் நடுக்குருத்து பச்சையாக எழுந்தது. வெள்ளம் தாங்கும் ஒடிசா நாட்டு ரகம் ஒன்றின் குணத்தைப் பழைய பொன்மணியில், அதாவது சி.ஆர்.1009-இல், ஏற்றிய நெல் இது.

குறையும் உண்டு. வயது 155 நாள். விதைப்பு தள்ளிப்போனால் மேட்டூர் மூடிய பிறகு கடைசித் தண்ணீருக்குத் திண்டாட வேண்டும். அரிசி மோட்டா என்பதால் வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பார், கொள்முதல் நிலையத்தில் போடுவதே நல்லது.

இரண்டாம் சம்பாவுக்கு விதைக்குக் காசு செலவழிக்கவில்லை. ஒரு மூலையில் கலப்பன் (ஊடே முளைத்த வேறு ரகப் பயிர்) பிடுங்கித் தனியாக அறுத்து வைத்தோம். பக்கத்து வயல் அண்ணனுக்கும் நான்கு மரக்கால் கொடுத்தேன். விதையை எடுத்துவைக்கவும் மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமே நமக்கு உரிமை தந்திருக்கிறது.

அதே வயலில் கோடைக்குப் பருத்தி போடுகிறோம். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீரிய விதை, எடுத்துவைத்தால் மறுபடி அதே விளைச்சல் வராது, வருஷா வருஷம் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். பாக்கெட்டில் எத்தனையோ கம்பெனிப் பெயர். உள்ளே இருக்கும், காய்ப்புழுவைத் தடுக்கும் பி.டி. மரபணுத் தொழில்நுட்பம் பெரும்பாலும் மான்சாண்டோ என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது, அந்தக் கம்பெனியையும் 2018-இல் ஜெர்மனியின் பேயர் வாங்கிவிட்டது. 2006-க்கு முன் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் 1,250 ரூபாய் அந்தத் தொழில்நுட்பத்துக்கான கட்டணம். ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்தில் வழக்காடிய பிறகுதான் 750-க்கு இறங்கியது. ஒரு மாநில அரசே வழக்காட வேண்டியிருந்தது என்றால், மூன்று ஏக்கர்காரி சொல் எங்கே ஏறும்? நெல் விதையும் அப்படி ஒரே கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம். மையத்தில் இருப்பு தீர்ந்ததும் ஆட்கள் தனியார் கடைக்கு நகர்வதைக் கண்ணால் பார்க்கிறேன்.

அதனால் ஆடி பிறந்ததுமே மையத்தில் கேட்டுவையுங்கள். சிட்டா, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். அறுப்பில் விதைக்கென்று நாலு பாத்தி ஒதுக்குங்கள்.