சமூக மன்றத்து இலவச சட்ட ஆலோசனை: காத்திருக்கலாம், ஆனால் கடிதத்தோடு போங்கள்

தம்பியை வேலையை விட்டுத் தூக்கினார்கள். சூப்பர்வைசர் வாட்ஸாப் குழுவில் "இந்த இனத்து ஆளுங்களே வேணாம்" என்று எழுதிய அடுத்த வாரம். கடிதத்தில் காரணமே இல்லை. சரி, சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் இலவசமாக வக்கீல் பார்க்கிறார்களே என்று அவனைக் கூட்டிப் போனேன்.

வரிசை முறை சுத்த மோசம். டோக்கன் கொடுத்தும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தம்பியின் பெயரை அந்தப் பையன் படுத்திய பாடு தனிக்கதை.

வக்கீலம்மா மட்டும் கெட்டி. கதை கேட்கவில்லை, கடிதத்தை வாங்கி, கடைசி வேலைநாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். "இதிலிருந்து ஒரு மாசத்துக்குள்ள டேடம்ல மனு போடணும் தம்பி." டேடம் (TADM) என்பது வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பு. இனத்தைக் காட்டி நீக்குவது தவறான பணிநீக்கம், முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் வேலை நியமன நடுவர் மன்றம். அங்கே வக்கீல் வாதாட முடியாது. கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய, வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான வேலையிட நியாயச் சட்டம் நாங்கள் போனபோது நடப்புக்கு வரவில்லை, அதை நம்பி உட்காராதே என்றார்.

வாட்ஸாப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதாம், தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய முழு உரையாடலையும் எடுத்து வைக்கச் சொன்னார். மனுவை அவர்கள் எழுதித் தர மாட்டார்கள். அது எனக்குக் குறைதான்; வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் திண்டாட்டம். நாலு நட்சத்திரம், வக்கீலம்மாவுக்காக.